தளபதி லாமொரிசியேர்: வாளும் வாக்கும்

அல்ஜீரிய விடுதலைப் போரின் நாயகர் அமீர் அப்துல் காதிர் (ரஹ்) அவர்களை அறிந்த நம்மில் பலர், அவர்கள் எந்தத் தளபதியின் வாக்கை நம்பிப் போரை நிறுத்தினார்கள் என்பதை அறிந்திலோம். அவர்தாம் பிரெஞ்சுத் தளபதி லாமொரிசியேர்.

1806-இல் நான்ந்த் நகரில் பிறந்து, பாரிசின் பொலிடெக்னிக் கல்லூரியில் பயின்று, படையின் பொறியியற் பிரிவில் சேர்ந்தவர். 1830-இல் அல்ஜியர்ஸைக் கைப்பற்றிய படையோடு ஆப்பிரிக்கக் கரையில் இறங்கினார். அரபு மொழியைக் கற்றார்; 1833-இல் நிறுவப்பெற்ற அரபு அலுவலகத்தின் தலைவரானார். மொழியைக் கற்றமையால் அம்மக்களுக்கு நண்பரானார் என நாம் கருதிவிடலாகாது. 1837-இல் கான்ஸ்டன்டைன் கோட்டைக்குள் முதல் அணியை நடத்திச் சென்று படுகாயமுற்றவர் அவர். பின்னர் ஒரான் பகுதியில், குலத்தாரின் நிலவறைத் தானியங்களைத் தேடிப்பிடித்துப் பறித்து, பசியால் அவர்களைப் பணியவைத்தவரும் அவரே.

1847 டிசம்பர். மொராக்கோ எல்லையில் அமீரின் வழிகள் அடைபட்டன. கொட்டும் மழையில் எழுத இயலாமையால், தம் முத்திரையை மட்டும் பதித்த வெற்றுத்தாளை அமீர் தளபதிக்கு அனுப்பினார்கள். அதே மழையில் தளபதியாலும் எழுத முடியவில்லை. தம் வாளையே அடையாளமாக அனுப்பிவைத்தார். அலெக்சாந்திரியாவுக்கோ அக்காவுக்கோ செல்ல அமீருக்கு உரிமை உண்டு என்பது அவர் அளித்த உறுதி. ஆளுநராயிருந்த மன்னரின் மைந்தர் ஒமால் கோமகனும் அதனை ஏற்றார். அந்த உறுதியின்பேரில் டிசம்பர் 23-இல் அமீர் சரணடைந்தார்கள்.

ஆனால் கப்பல் சென்றதோ தூலோன் துறைமுகத்திற்கு! அங்கிருந்து போ, பின்னர் அம்புவாஸ் என அமீரின் சிறைவாசம் நீண்டது. 1848 பிப்ரவரியில் முடியாட்சி வீழ்ந்தது. அவ்வாண்டு ஜூனில் பாரிஸ் தொழிலாளர் கிளர்ச்சியை ஒடுக்குவதில் பங்கேற்ற லாமொரிசியேர், அம்மாத இறுதியில் போர் அமைச்சரானார். டிசம்பர்வரை அப்பதவியில் இருந்தார். வாக்களித்தவரே அமைச்சர், வாக்குப் பெற்றவரோ சிறையில்! அரசியல் நெருக்கடிகள் ஆயிரம் இருந்திருக்கலாம். எனினும் இவ்விடத்தில் அவருக்காக வாதாட நம்மால் இயலவில்லை.

1851 டிசம்பர் 2-இல் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியபோது லாமொரிசியேர் கைதானார். பின்பு நாடு கடத்தப்பட்டார். அடுத்த ஆண்டு அமீரை விடுவித்தவரும் அதே லூயி நெப்போலியனே.

1857-இல் நாடு திரும்பிய தளபதி, 1860-இல் போப்பாண்டவரின் படைக்குத் தலைமையேற்றார். அவ்வாண்டு ஜூலையில் அமீர் திமிஷ்கில் ஆயிரக்கணக்கான கிறித்தவர்களின் உயிரைக் காத்தார்கள். செப்டம்பர் 18-இல் தளபதி காஸ்டெல்ஃபிடார்டோ களத்தில் தோற்று, அன்கோனா கோட்டைக்குள் புகுந்து, பதினொரு நாட்களில் சரணடைந்தார். 1865 செப்டம்பரில், அமியேன் நகருக்கருகே புரூசெல் என்னும் சிற்றூரில் காலமானார். அமீர் அதன் பின்னும் பதினெட்டு ஆண்டுகள் திமிஷ்கில் வாழ்ந்தார்கள்.