பிரிவினையைக் கைவிட்டார், மொழியைக் கைவிடவில்லை



மணலி புதுநகரில் வாழும் நமக்கு இராயபுரம் தொலைவான ஊர் அல்ல. திருவொற்றியூரைக் கடந்து தெற்கே சென்றால் வந்துவிடும். அங்குள்ள ராபின்சன் பூங்காவில்தான், 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடைபெற்றது. அதைத் தொடங்கியவர் அறிஞர் அண்ணா. எந்தக் கட்சியையும் புகழ்வதற்காக நாம் அவரை இங்கே நினைவுகூரவில்லை. தாய்மொழியை உயிராக நேசிக்கும் ஒருவர் நாட்டையும் நேசிக்க முடியுமா என்ற கேள்விக்கு அவருடைய வாழ்க்கை ஒரு பதிலாக இருப்பதால் நினைக்கிறோம்.

1909 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் எளிய நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் அண்ணா. பச்சையப்பன் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1938இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்துஸ்தானி கட்டாயப் பாடமாக்கப்பட்டபோது அதை எதிர்த்துச் சிறை சென்றார். அந்தப் போராட்டத்தில் கைதாகி 1939இல் உயிர்நீத்த நடராசன், தாளமுத்து ஆகிய இருவரின் நினைவிடம் நம் வடசென்னையில், மூலக்கொத்தளத்தில் இருக்கிறது. 1940இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது.

அந்நாட்களில் அண்ணா கேட்டது மொழி உரிமையை மட்டுமல்ல, திராவிட நாடு என்ற தனி நாட்டையும்தான். இதை மறைக்க வேண்டியதில்லை. 1962இல் மாநிலங்களவைக்குச் சென்றபோதும் அங்கே வெளிப்படையாக அதையே பேசினார்.

அதே ஆண்டு அக்டோபரில் சீனப் படைகள் எல்லையைத் தாண்டின. அண்ணா பிரிவினைப் பேச்சை நிறுத்திவிட்டு, போர் முயற்சிக்கு ஆதரவு தரும்படி தம் தொண்டர்களைக் கேட்டுக்கொண்டார். 1963இல் அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் வந்தது. நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி எடுப்பவர்கள் மட்டுமே தேர்தலில் நிற்கலாம் என்றானது. அவ்வாண்டிலேயே தி.மு.க. தனி நாட்டுக் கோரிக்கையை முறைப்படி கைவிட்டது. சட்டத்துக்கு அஞ்சிப் பின்வாங்கினார் என்று சிலர் ஏளனம் செய்தார்கள். சட்டத்தின் நெருக்கடி இருந்தது உண்மையே. ஆனால் பல ஆண்டுகள் மேடைதோறும் முழங்கிய ஒன்றை, தம்மை நம்பி வந்தவர்களின் முன்னிலையில் விட்டுவிடுவதற்கும் துணிவு வேண்டும்.

தனி நாட்டை விட்டவர் மொழியை விடவில்லை. 1963 நவம்பரில், ஆட்சிமொழி பற்றிய அரசியலமைப்புப் பகுதியை எரிக்கும் போராட்டத்தில் கைதாகி, ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். 1965 சனவரி 26 முதல் இந்தி மட்டுமே இந்தியாவின் ஆட்சிமொழி ஆகிவிடும் என்ற அச்சம் மாணவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. துப்பாக்கிச் சூட்டிலும் தீக்குளிப்பிலும் பல உயிர்கள் போயின, காவலர்களும் கொல்லப்பட்டார்கள். போராட்டத்தை நிறுத்தும்படி அண்ணா மாணவர்களைக் கேட்டுக்கொண்டும் உடனே அடங்கவில்லை. கடைசியில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் உறுதியளித்தார். இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலமும் தொடரும் என்பது பின்னர் சட்டமாயிற்று.

1967 மார்ச்சில் அண்ணா முதலமைச்சரானார். தமிழும் ஆங்கிலமும் கற்பிக்கும் இருமொழிக் கொள்கையை 1968இல் சட்டமன்றம் ஏற்றது. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் 1969 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. பிரிந்து போகாமலேயே இவையெல்லாம் கிடைத்தன. நம் பக்கத்து நாடான இலங்கையில் 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் செய்தார்கள். அந்தக் காயம் ஆறாமல் வளர்ந்து, 2009வரை அந்த மண்ணை இரத்தத்தில் நனைத்தது. ஒரு மொழியைத் தாழ்த்தினால் நாடு ஒன்றுபடாது என்பதை நாம் கண்ணெதிரே கண்டோம்.

திருச்சபையும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் மக்களின் மொழிகளுக்குக் கதவைத் திறந்தது. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டைத் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்டார். இலத்தீன் மட்டுமே ஒலித்த பீடத்தில் தமிழ் ஒலித்தது. அதனால் திருச்சபை உடைந்துவிடவில்லை.

அதே திருத்தந்தையை 1968இல், அமெரிக்கப் பயணத்தின்போது, அண்ணா உரோமையில் சந்தித்தார். அப்போது அவர் முன்வைத்தது தமிழருக்கான கோரிக்கை அல்ல. கோவா விடுதலைக்காகப் போராடி, 1955இல் போர்த்துக்கீசியரிடம் பிடிபட்டவர் மோகன் ரானடே. மராட்டியர். 1961இல் கோவா விடுதலை பெற்ற பிறகும் அவர் போர்த்துக்கல் சிறையில் வாடினார். அவரை விடுவிக்கப் போர்த்துக்கல் அரசிடம் பரிந்து பேசும்படி அண்ணா திருத்தந்தையை வேண்டினார். வேறு பலரும் முயன்றுவந்த நிலையில், 1969 சனவரியில் ரானடே விடுதலையானார். சில நாட்களில், பிப்ரவரி 3 அன்று, அண்ணா புற்றுநோயால் காலமானார்.

ஒரு காலத்தில் தனி நாடு கேட்டவர், வேற்று மொழி பேசும் ஒரு இந்தியருக்காக உலகின் மறுகோடியில் கெஞ்சி நின்றார். தேசிய ஒருமைப்பாடு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நமக்குத் தெரியவில்லை.

அண்ணா மறைந்த அதே 1969இல்தான் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. அதைச் சுற்றி ஆலைகள் பெருகின. இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்தவர்கள் நம் பகுதியில் மூட்டை தூக்குகிறார்கள், கட்டடம் கட்டுகிறார்கள். அவர்களை 'வடக்கன்' என்று இளக்காரமாகச் சொல்வதை நாம் கேட்கிறோம், சில நேரம் நாமும் சொல்கிறோம். இந்தியைத் திணித்தவர்கள் அவர்கள் அல்ல. ஆபத்தான இயந்திரத்தின் அருகில் தொங்கும் எச்சரிக்கைப் பலகையைக்கூடப் படிக்க முடியாமல் நிற்பவர்கள் அவர்கள். தம் மொழி புரியாத இடத்தில் ஒருவர் எப்படிக் கூனிக் குறுகுவார் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். அதற்காகவே போராடினார்கள்.

நமக்கு நாம் கேட்ட மரியாதையை அடுத்தவருக்கும் கொடுப்பதே நீதி. தமிழை நம் பிள்ளைகளுக்குத் தவறில்லாமல் கற்றுக்கொடுப்போம். அதே நேரத்தில், ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் ஒதுங்கி நிற்கும் அந்த வெளிமாநில இளைஞரின் பெயரைக் கேட்டு, நம் அருகில் அமர அழைப்போம்.