பாதியில் நின்ற பணமாற்றமும் ஜிம் கிரேயும்

1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதி மேற்கு ஜெர்மனியின் ஹெர்ஸ்டாட் வங்கியை அந்நாட்டு அதிகாரிகள் மூடினர். அவ்வங்கிக்கு அன்று ஜெர்மன் மார்க்கைச் செலுத்திவிட்ட பிற வங்கிகளுக்கு, பதிலுக்கு நியூயார்க்கில் கிடைக்கவேண்டிய டாலர் வந்துசேரவில்லை. கொடுத்தல் முடிந்திருந்தது, பெறுதல் முடியவில்லை. அவ்வாண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரை மையமாகக் கொண்டு வங்கி மேற்பார்வைக் குழு அமைய இந்நெருக்கடி முக்கியக் காரணமாயிற்று.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில், இந்நெருக்கடியோடு தொடர்பேதுமின்றி, கலிபோர்னியாவிலிருந்த ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ஜிம் கிரே இத்தகைய சிக்கலைக் கணினிக்குள் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1944ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த அவர், 1969ல் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்றவர்.

ஒரு கணக்கில் பணம் கழிக்கப்பட்டு, மற்றதில் சேர்க்கப்படுமுன் இயந்திரம் நின்றுவிட்டால் என்ன செய்வது? கிரே விளக்கி நிலைநாட்டிய முறையில், தரவை மாற்றுமுன் அதன் பழைய மதிப்பு தனிப் பதிவேடொன்றில் குறிக்கப்படுகிறது. 'கமிட்' என்ற முடிவுக்குறி பதிவாகாத பரிவர்த்தனைகளைக் கணினி பின்னோக்கிப் படித்து, பழைய மதிப்புகளை மீண்டும் இடுகிறது. இதுவே 'ரோல்பேக்'. ஆனால் முடிவுறாத தொகையைப் பார்த்து இன்னொருவர் பணம் எடுத்துவிட்டால் இந்த ஏற்பாடு பயன்படாது. ஆகவே அதுவரை அத்தரவைப் பூட்டிவைக்கும் விதிகளையும் அவரும் சக ஆய்வாளர்களும் வகுத்தனர். முடிவுக்குறி விழுந்தபின் பின்வாங்க இயலாது. பேரேட்டில் எதிர்ப்பதிவு இடுவதுபோலப் புதியதொரு பரிவர்த்தனையால்தான் பிழையைத் திருத்தவேண்டும்.

1987ல் சுவிஸ் தேசிய வங்கி தொடங்கிய எஸ்ஐசி என்ற வங்கிகளுக்கிடையிலான பணமாற்று முறையிலும் இதையொத்த எல்லைக்கோடு உண்டு. போதிய இருப்பின்றி வரிசையில் காத்திருக்கும் கட்டளையை அனுப்பிய வங்கி விலக்கிக்கொள்ளலாம். தேசிய வங்கியிலுள்ள கணக்கில் கழிக்கப்பட்டுவிட்டால் அது இறுதியானது. ஹெர்ஸ்டாட் விவகாரத்தில் இரு நாணயங்களையும் ஒருசேர முடித்துவைக்க இத்தகைய கோடு எதுவும் இருக்கவில்லை.

கிரேக்கு 1998ஆம் ஆண்டிற்கான டூரிங் விருது கிடைத்தது. 2007 ஜனவரி 28ஆம் தேதி, தாயாரின் அஸ்தியைக் கடலில் தூவ சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியே பாய்மரப் படகில் புறப்பட்ட அவர் திரும்பவில்லை. செயற்கைக்கோள் படங்களைத் தன்னார்வலர்கள் பகுதி பகுதியாக அலசியும் படகு அகப்படவில்லை. 2012ல் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.