கம்பி வழியே ஓடிய வண்டி

பினாங்கு ஜார்ஜ்டவுனில் 1880களில் நீராவி டிராம்கள் ஓடின. 1906ஆம் ஆண்டில் அங்கு மின்சார டிராம்கள் ஓடத் தொடங்கின. கரும்புகை கக்கும் கொதிகலன் இல்லாமல், தலைக்கு மேலே சென்ற கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று அவை இயங்கின. இம்மாற்றத்திற்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானிய அறிவியலாளர் வெர்னர் வோன் சீமன்ஸ்.

அவர் 1816ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள், பதினான்கு பிள்ளைகள் கொண்ட விவசாயக் குடும்பத்தில் நான்காவது குழந்தையாகப் பிறந்தார். பல்கலைக்கழகம் செல்ல வசதியில்லை. எனவே, பொறியியல் கற்பதற்காகவே பிரஷ்ய இராணுவத்தின் பீரங்கிப் படையில் சேர்ந்தார். 1839ஆம் ஆண்டில் தாயும் அடுத்த ஆண்டில் தந்தையும் இறந்தனர். இளைய உடன்பிறப்புகளைக் காக்கும் பொறுப்பு இளம் அதிகாரியான அவர் தோளில் விழுந்தது. படைச் சம்பளம் போதவில்லை. கண்டுபிடிப்புகளால் பொருளீட்ட முனைந்தார்.

இருவர் நேருக்கு நேர் மோதிய சண்டைக்குத் துணைநின்றதால் அவர் சிறைப்பட்டார். அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. அறையையே ஆய்வுக்கூடமாக்கி, மின்சாரத்தின் மூலம் கரண்டிக்குத் தங்கமுலாம் பூசிக் காட்டினார். மன்னிப்பு ஆணை வந்தபோது, ஆய்வு தடைப்படுமே என்று வருந்தி, இன்னும் சில நாள் தங்க அனுமதி கேட்டார்! அது கிடைக்கவில்லை.

1847ஆம் ஆண்டில் ஹால்ஸ்கே என்பவருடன் இணைந்து பெர்லினில் தந்திக் கருவிப் பட்டறையைத் தொடங்கினார். 1866ஆம் ஆண்டில், இயந்திரச் சுழற்சியிலிருந்து வலிமையான மின்சாரத்தைப் பெறும் டைனமோ தத்துவத்தைக் கண்டறிந்தார். மின்கலங்களைப் பெரிதும் நம்பியிருந்த நிலை மாறியது.

நீராவி வண்டி நிலக்கரியையும் நீரையும் சுமந்து செல்ல வேண்டும். கொதிகலன் சூடாகும்வரை காத்திருக்கவும் வேண்டும். அந்தச் சுமையை நிலையத்திலேயே விட்டுவிட்டு, ஆற்றலை மட்டும் வண்டிக்கு அனுப்பினார் சீமன்ஸ். 1879ஆம் ஆண்டு பெர்லின் கண்காட்சியில் அவருடைய சிறிய மின்சார இரயிலில் நான்கு மாதங்களில் 80,000க்கும் மேற்பட்டோர் பயணம் செய்தனர்.

எனினும், சிக்கல்கள் எழுந்தன. 1881ஆம் ஆண்டில் லிக்டர்ஃபெல்டேயில் ஓடிய டிராமுக்குத் தண்டவாளம் வழியே மின்சாரம் பாய்ந்ததால், அதை மிதித்த குதிரைகள் அதிர்ச்சிக்குள்ளாயின. மின்சாரத்தை மேலே கொண்டு செல்வதே தக்க வழி. 1882ஆம் ஆண்டில், தண்டவாளமின்றி மேல்கம்பிகளால் இயங்கும் வண்டியை அவர் 540 மீட்டர் தூரம் ஓட்டிக் காட்டினார். கம்பி முடியும் இடத்தில் அவ்வண்டியும் நின்றுவிடும். நிலக்கரியும் நீரும் கிடைக்கும் இடமெல்லாம் செல்லும் வசதி நீராவி வண்டிக்கே இருந்தது. ஆனால், ஒரே தடத்தில் அடிக்கடி வண்டிகள் ஓடும் நெரிசலான நகரத்திற்கு, புகையில்லாத மின்சார வண்டியே பொருத்தமாக இருந்தது.

சீமன்ஸ் 1892ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் காட்டிய வழியில் வந்த டிராலி பேருந்துகள் 1925 முதல் 1961 வரை ஜார்ஜ்டவுன் மக்களைச் சுமந்தன. நீராவியும் அழிந்துவிடவில்லை. சாலையை விட்டு மின்நிலையத்திற்குச் சென்று, இன்றும் மின்னாக்கிகளைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது.