ஜகதீஷ் சந்திர போஸ்

ஜகதீஷ் சந்திர போஸ் (நவம்பர் 30, 1858 – நவம்பர் 23, 1937) வங்காளத்தைச் சேர்ந்த இயற்பியலாளரும் தாவர உடலியங்கியல் ஆய்வாளரும் ஆவார். குறைகடத்திக் கருவி ஒன்றுக்கு முதன்முதலில் காப்புரிமை பெற்றவராக இவர் கருதப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

போஸ் தொடக்கக் கல்வியை வங்காள மொழியில் கற்றார். பின்னர் கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்றார். கேம்பிரிட்ஜில் ரேலி பிரபு இவரது ஆசிரியர்களுள் ஒருவர். 1885ல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். ஐரோப்பியருக்குத் தரப்பட்டதை விடக் குறைவான ஊதியமே இவருக்குத் தர முன்வந்தனர். அதனை ஏற்க மறுத்து மூன்றாண்டுகள் ஊதியம் பெறாமலே கற்பித்தார். இறுதியில் முழு ஊதியமும் நிலுவையுடன் வழங்கப்பட்டது.

படிக உணரி

கல்லூரியின் சிறிய அறையொன்றில், உள்ளூர்க் கைவினைஞர் உதவியுடன் செய்த கருவிகளைக் கொண்டு, சில மில்லிமீட்டர் அலைநீளமுள்ள மின்காந்த அலைகளை ஆராய்ந்தார். அவ்வலைகளை உணரும் தொடக்ககாலக் கருவியில் எஃகுச் சுருள்கள் ஒன்றையொன்று தொட்டு நின்றன. தொடுகையின் அழுத்தத்தைத் திருகாணியால் சரிசெய்ய வேண்டியிருந்தது. பின்னர் கலீனா எனும் ஈயச் சல்பைடு படிகத்தின் முனைத் தொடுகையைப் பயன்படுத்தினார். இது ரேடியோ அலைகளை மட்டுமன்றி ஒளியையும் உணர்ந்தது.

அறிவியலால் பொருளீட்டுவதைப் போஸ் விரும்பவில்லை. எனினும் நண்பர் சாரா புல் அம்மையாரின் முயற்சியால் 1901ல் அமெரிக்கக் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது. 1904 மார்ச் 29 அன்று 755,840 என்ற எண்ணுடன் அது வழங்கப்பட்டது. அதிலிருந்து போஸ் வருவாய் தேடவில்லை.

பிற்காலம்

பின்னர் இவரது கவனம் தாவரங்களின் உணர்திறன் பக்கம் திரும்பியது. தாவர வளர்ச்சியைப் பன்மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியை உருவாக்கினார். 1917ல் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1920ல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். கிரீடியில் காலமானார்.

குறைகடத்தித் துறையில் இடம்

படிகத்தின் மீது கூர்முனையை அழுத்தி வைக்கும் தொடுகை சிறு அதிர்விலும் நழுவக்கூடியது. படிக வானொலியைப் பயன்படுத்தியோர் கம்பி முனையைக் கையால் நகர்த்தி நல்ல இடம் தேடவேண்டியிருந்தது. 1947ல் பெல் ஆய்வகத்தில் உருவான முதல் திரிதடையத்திலும் (டிரான்சிஸ்டர்) பொன் தொடுமுனைகள் ஜெர்மானியத்தின் மீது அழுத்தியே வைக்கப்பட்டன.

1957ல் அதே ஆய்வகத்தினர் வெப்பமும் அழுத்தமும் கொண்டு, உருக்காமலே பொற்கம்பியைக் குறைகடத்தியுடன் பிணைக்கும் முறையை வெளியிட்டனர். அலுமினியக் கம்பியை அறை வெப்பநிலையில் மீயொலி அதிர்வால் பிணைக்கும் முறையும், வெப்பம், அழுத்தம், மீயொலி மூன்றையும் சேர்க்கும் முறையும் பின்னர் வந்தன. இன்றைய சில்லுகளில் சுமார் 25 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள கம்பிகள் இவ்வாறே பிணைக்கப்படுகின்றன. போஸ் திருகாணியால் சரிசெய்த தொடுகை, இவ்வாறு நிலையான இணைப்பாக மாறியது.