வீட்டுச் சமையலை விற்க முயன்று நொடித்துப்போன தீன் முகமது

லண்டனின் ஜார்ஜ் தெருவில் 102ஆம் எண் கட்டடத்தில் பச்சை நிற நினைவுப் பலகை ஒன்று உள்ளது. 1810ஆம் ஆண்டு அந்த வட்டாரத்தில் திறக்கப்பட்ட 'ஹிந்துஸ்தானி காஃபி ஹவுஸ்' உணவகத்தை அது நினைவுபடுத்துகிறது. இந்தியர் ஒருவர் பிரிட்டனில் தொடங்கிய முதல் உணவகமாக அது கருதப்படுகிறது. ஆனால், அதன் உரிமையாளர் ஷேக் தீன் முகமது இரண்டே ஆண்டுகளில் நொடித்துப்போனார்.

தீன் முகமது 1759ல் பாட்னாவில் முஸ்லிம் குடும்பம் ஒன்றில் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் இருந்த தந்தை இறந்தபின், சிறுவனாக இருந்தபோதே காட்ஃபிரே பேக்கர் என்ற அதிகாரியுடன் படை முகாமுக்குச் சென்றார். 1784ல் பேக்கருடன் அயர்லாந்தின் கார்க் நகரை அடைந்தார்.

அங்கு ஜேன் டேலி என்ற பெண்ணைக் காதலித்து, அவருடன் ஊரைவிட்டு ஓடித் திருமணம் செய்துகொண்டார். 1794ல் தமது பயண அனுபவங்களை நூலாக வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல் அது.

பின்னர் குடும்பத்துடன் லண்டன் சென்ற அவர், சென்னையில் நெடுங்காலம் இருந்து பெரும் செல்வம் சேர்த்துத் திரும்பிய பேசில் காக்ரேனின் நீராவிக் குளியலகத்தில் வேலை செய்தார். அந்த வட்டாரத்தில் இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய செல்வந்தர்கள் பலர் வசித்தனர். அவர்களை நம்பியே உணவகத்தைத் திறந்தார்.

'கறி' என்ற தமிழ்ச் சொல்லோடு தொடர்புடைய 'கரி' அப்போதே ஆங்கிலேயருக்குப் பழக்கமாகியிருந்தது. ஹன்னா கிளாஸ் 1747ல் வெளியிட்ட சமையல் நூலில் அதன் செய்முறை உண்டு. லண்டனின் சில காப்பிக் கடைகளிலும் அது கிடைத்தது. தீன் முகமது அதற்கு மேல் ஒரு படி சென்றார். மசாலா மணக்கும் இந்திய உணவுடன் மூங்கில் நாற்காலிகள், இந்தியக் காட்சி ஓவியங்கள், ஹூக்கா புகைக்கத் தனி அறை என ஓர் இந்தியச் சூழலையே அமைத்தார்.

அந்தச் சுவையை அறிந்த செல்வந்தர்கள் பலர் வீட்டிலேயே இந்தியச் சமையல்காரர்களை வைத்திருந்தனர். வீட்டில் கிடைப்பதற்குக் கடைக்கு வர வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. அறியாதவர்களோ போதிய அளவில் வரவில்லை. 1812ல் அவர் நொடித்துப்போனதாக அறிவிக்கப்பட்டது. உணவகம் வேறு கைகளுக்கு மாறியது. ஐம்பது வயதைக் கடந்த அவர், பட்லர் வேலை கேட்டு நாளிதழில் விளம்பரம் கொடுத்தார்.

1814ல் கடலோர நகரான பிரைட்டனுக்குக் குடிபெயர்ந்தார். இந்தியாவின் 'சம்பி' எனும் உடல் பிடித்துவிடும் முறையை நீராவிக் குளியலுடன் சேர்த்து வழங்கினார். 'ஷாம்பு' என்ற சொல்லின் மூலமும் அதுவே. நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய மன்னர்களுக்கும் அவர் அச்சேவையை வழங்கினார். சமையலால் கிட்டாத பெயர் அதனால் கிட்டியது.

1851 பிப்ரவரி 24ல் பிரைட்டனில் அவர் காலமானார். புனித நிக்கலஸ் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பிற்காலத்தில் சில்ஹெட் வட்டாரத்திலிருந்து புலம்பெயர்ந்தோர் பிரிட்டனெங்கும் 'இந்திய' உணவகங்களைத் திறந்தனர். ஊரார் நாவுக்கேற்பச் சுவையை மாற்றிப் பிழைத்தனர். சொந்த ஊர்ச் சுவைக்கு அந்நிய மண்ணில் விலை உண்டா என்ற கேள்வியை அவர்களுக்கு முன்பே எதிர்கொண்டு, அதற்குத் தமது கைப்பணத்தையே விலையாகக் கொடுத்தவர் தீன் முகமது.