உட்ரோ வில்ஸன்

1914-இல் மூண்ட மகாயுத்தத்தைப் பற்றி எண்ணுமிடத்து, நமக்கு முதற்கண் நினைவில் எழுபவர் படைத்தலைவர் எவருமல்லர். கலாசாலை ஆசிரியராயிருந்து அமெரிக்க ஜனாதிபதியான வில்ஸனே.

1856-இல் வர்ஜீனியாவில் ஒரு போதகரின் புதல்வராய்ப் பிறந்த இவர், பிரின்ஸ்டன் கலாசாலையின் தலைவராய் விளங்கினார். தேசத்தை யுத்தத்தினின்றும் விலக்கிக் காத்தவர் என்னும் பெயராலேயே 1916-இல் மறுமுறையும் ஜனாதிபதியாகத் தெரிந்தெடுக்கப்பட்டார். ஆயினும் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் வர்த்தகக் கப்பல்களையும் அழிக்கத் தலைப்பட்டமையால், 1917 ஏப்ரலில் அவரே யுத்தப் பிரகடனம் வேண்டிக் காங்கிரஸின் முன் நிற்க நேர்ந்தது.

1918-இல் அவர் வெளியிட்ட பதினான்கு அம்சங்களை நம்பியே ஜெர்மனி சமாதானம் வேண்டிற்று. பாரிஸ் மாநாட்டிலோ கிளெமான்ஸோ முதலியோர் அந்நாட்டின்மீது பெருஞ்சுமை ஏற்றினர். சர்வதேச சங்கம் அமைந்துவிடின் அது பிற குறைகளைக் காலப்போக்கில் திருத்துமென நம்பி வில்ஸன் இணங்கினார். இதனைப் பெரும்பிழை என்பாரும் உளர். நாம் அவ்வளவு கடுமையாய்க் கூறத் துணியோம். ஆனால் பாரிஸில் அந்நியருக்கு விட்டுக்கொடுத்தவர், தம் நாட்டுச் செனட் சபையில் லாட்ஜ் என்பார் கோரிய திருத்தங்களுக்குச் சிறிதும் இசையாததை நாம் எங்ஙனம் பாராட்டுவது? பொதுஜனங்களிடமே முறையிட ரயிலேறிச் சென்றவர் இடைவழியில் நோயுற்றுத் திரும்பி, 1919 அக்டோபரில் பக்கவாதத்தால் வீழ்ந்தார். செனட் சபை உடன்படிக்கையை இருமுறை தள்ளிற்று. 1924-இல் அவர் இறந்த ஞான்று, ஜினீவாவிலிருந்த சங்கத்தில் 50-க்கு மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருந்தன, அமெரிக்கா சேரவில்லை.