பத்து வெள்ளியில் ஒரு தோட்டம்

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். அம்மா கொழுந்து பறிக்கிறார். வேலை முடியும் நாளில் லயத்து வீட்டையும் விட்டுவிட வேண்டும் என்பதைத் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்திலேயே அறிந்திருந்தேன். நாடு வளர்கிறது, அவ்வளர்ச்சி லயத்து வாசலை ஏன் எட்டுவதில்லை? பல்கலைக்கழகத்திற்கு வந்தபின் இக்கேள்வி எனக்குள் எழுந்தது. அப்போதுதான் துன் வீ.தி. சம்பந்தனின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

அவர் 1919 ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தையார் வீரசாமி ரப்பர்த் தோட்ட உரிமையாளர். தமிழகத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று நாடு திரும்பிய சம்பந்தன், 1955இல் ம.இ.கா.வின் தலைவரானார். அதே ஆண்டு நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலில் வென்று தொழிலாளர் அமைச்சராகவும் பொறுப்பேற்றார். 1957இல் நாடு விடுதலை பெற்றது.

விடுதலை பலருக்கு வாக்குரிமையைத் தந்தது. ஆனால், காலங்காலமாக உழைத்த மண்ணில் தோட்டத் தொழிலாளிக்கு உரிமை கிடைக்கவில்லை. ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுத் தாயகம் திரும்பினர். வாங்கிய வணிகர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்றனர். தேயிலை நிலத்தை இவ்வாறு பிரிப்பது எளிதன்று. பறித்த கொழுந்து அன்றே ஆலைக்குச் சென்றாக வேண்டும். ரப்பருக்கு அத்தகைய தடை இல்லை. எனவே பல ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். கோயிலும் பள்ளியும் கைவிட்டுப் போயின. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

அரசாங்கம் உடனடியாகத் தடுத்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். ஆனால் அன்றைய கூட்டணி அரசு தனியார் முதலீட்டை நம்பி நடந்த அரசு. நிலத்தை விற்கும் உரிமையில் கைவைக்க அது தயங்கியது. அமைச்சரவையில் இருந்த சம்பந்தன் அந்த எல்லையை நன்கு உணர்ந்திருந்தார். தோட்டம் விற்பனைக்கு வந்தால் தொழிலாளர்களே அதை வாங்கட்டும் என்பது அவர் கண்ட வழி. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று மாதம் பத்து வெள்ளி சேமித்துப் பங்கு வாங்குமாறு தொழிலாளர்களைக் கேட்டுக்கொண்டார். பால்மரம் வெட்டிய கைகள் கொடுத்த அப்பணத்தில் 1961இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. மேலும் பல தோட்டங்கள் அதனைத் தொடர்ந்தன.

இச்சங்கம் எல்லாரையும் காப்பாற்றியது என்று கூறிவிட முடியாது. அது வாங்கிய தோட்டங்களை விடத் துண்டாடப்பட்ட தோட்டங்களே மிகுதி. தோட்ட நிலத்தை விற்கவும் பிரிக்கவும் அனுமதி பெற வேண்டும் என்ற விதி தேசிய நிலச் சட்டத்தில் பின்னரே சேர்க்கப்பட்டது. அதற்குள் பல குடும்பங்கள் சிதறிவிட்டன. அரசு செய்ய வேண்டிய கடமையை ஏழைகளின் சேமிப்பே முழுவதும் சுமக்க இயலாது என்பதே நான் இதில் கற்ற பாடம். ஆயினும் கூலியாக மட்டுமே எண்ணப்பட்டவன் உரிமையாளனாகவும் ஆக முடியும் என்பதைச் சம்பந்தன் செய்து காட்டினார்.

1973இல் கட்சித் தலைமையை விட்டு விலகிய அவர், 1979 மே 18ஆம் நாள் காலமானார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சங்கமும் இன்றளவும் இயங்கி வருகிறது.

என் அம்மா ஓய்வு பெற இன்னும் நான்கு ஆண்டுகளே உள்ளன. எங்களுக்குச் சொந்த வீடு இல்லை. இவ்விதழை வாசிப்போரில் வழக்கறிஞர்கள் உண்டு, கணக்காய்வாளர்கள் உண்டு, அரசு அதிகாரிகளும் உண்டு. மலையில் வாழும் தொழிலாளர்களுக்காக ஒரு வீட்டுடைமைக் கூட்டுறவைத் தொடங்க வேண்டிய அறிவும் அனுபவமும் நம்மிடையே இருக்கின்றன. முதல் மாதத்துப் பங்குப் பணத்தைக் கட்ட நான் ஆயத்தமாக இருக்கிறேன்.